மௌனம் குடியிருக்கும் மலை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



‘பயணமும் கவிதையும்’ என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பயணம் என்றவுடன் பல நாடுகளையும் பல ஊர்களையும் அடுக்கிக் காட்டும் ஆசை யாருக்கும் எழும். அந்த ஆசையை இன்று நான் ஒதுக்கி வைக்கிறேன். ஒரே ஒரு மலையைப் பற்றியும், அம்மலைமேல் அமைந்த பழைய பௌத்தக் கோயிலைப் பற்றியும், அங்கே பிறந்த ஒரு சிறு கவிதையைப் பற்றியும் மட்டுமே பேச விழைகிறேன்.

இந்தப் பொருளை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் வட்டத்தின் மாதக் கூட்டங்களில் மிகுதியாகப் படிக்கப்படுவன மூன்றடிக் கவிதைகளே. 1916ஆம் ஆண்டு சுதேசமித்திரனில் ‘ஜப்பானியக் கவிதை’ என்னும் கட்டுரை வாயிலாகப் பாரதி இவ்வடிவத்தை நமக்கு அறிமுகம் செய்தார். 1984இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’ வெளிவந்த காலம் தொட்டுத் தமிழில் ஹைக்கூத் தொகுப்புகள் பெருகின. பெருக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆயினும் ஒரு மாலைப் பொழுதில் முப்பது ஹைக்கூக்கள் படிக்கப்பட்டு, முப்பதுக்கும் கைதட்டி முடித்து வீடு திரும்பும்போது, அவற்றுள் ஒன்றேனும் நெஞ்சில் தங்காமற் போகும் அனுபவம் உங்களுள் பலருக்கும் உண்டு என்றே எண்ணுகிறேன். சுருங்கச் சொல்லுதல் வேறு, சொல்வதற்கு ஒன்றும் இல்லாதிருத்தல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நான் ஒரு நூலில் கற்கவில்லை. அந்த மலையில் ஏறியபோதுதான் அது எனக்குத் தெளிவாயிற்று.

ஜப்பானின் வடகிழக்கே யமகதா என்னும் மாநிலம் இருக்கிறது. மலைகளும் நெல்வயல்களும் பழத்தோட்டங்களும் நிறைந்த நாட்டுப்புறம். செந்தாய் நகரிலிருந்து மலைகளை ஊடுருவிச் செல்லும் இரயிலில் ஏறினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஒரு சிறு நிலையம் வரும். யமதேரா என்பது அதன் பெயர். ‘மலைக்கோயில்’ என்பதே அச்சொல்லின் பொருள். கோயிலின் முறையான பெயர் ரிஷ்ஷகுஜி. ‘நிற்கும் கல்லின் கோயில்’ என்று அதை நாம் தமிழாக்கலாம். நிலையத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாலே செங்குத்தான பாறைகளும், அவற்றின் விளிம்பில் பறவைக் கூடுகள்போல் ஒட்டியிருக்கும் சிறு மண்டபங்களும் தெரிகின்றன.

ஜூலை மாதத்து நடுப்பகுதியில், மழைக்காலம் விடைபெறும் வேளையில், ஒரு வேலைநாளின் காலையில் நான் அங்கே இறங்கினேன். ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கடைத்தெரு. கொன்னியாக்கு என்பது நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கு. அதன் மாவை உருண்டைகளாக்கி, குச்சியில் கோத்து, சோயாச் சாற்றில் வேகவைத்து விற்கிறார்கள். மலை ஏறுவோர்க்கு வலிமை தரும் உணவு என்று அதற்கொரு பெயரும் உண்டு. ஆகவே, உலகம் தீண்டாத வனாந்தரத்தை நான் கண்டேன் என்று கூற மாட்டேன். கடைக்காரர் அழைப்பும், பள்ளத்தாக்கில் ஓடும் இரயிலின் ஓசையும் மேலே வரை கேட்கின்றன. இருந்தும் அந்த மலை அமைதியாகவே இருக்கிறது. இவ்வளவு ஒலிகளுக்கு நடுவே அந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்பதே நான் உங்கள் முன் வைக்க விரும்பும் வினா.

கோயிலின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 860ஆம் ஆண்டில் என்னின் என்னும் துறவி இதை நிறுவினார் என்பது மரபு. அவர் மறைந்தபின், 866இல், அரசவை அவருக்கு ஜிகாகு தைஷி என்னும் சிறப்புப் பெயரை வழங்கியது. அப்பெயராலேயே அவரை இனிக் குறிப்பிடுகிறேன். 838 முதல் 847 வரை அவர் சீனத்தில் தங்கிக் கற்றவர். பௌத்த மடங்கள் அரசாணையால் இடிக்கப்பட்டதையும் துறவியர் ஊர் ஊராகத் துரத்தப்பட்டதையும் கண்ணால் கண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்தவர். சீனத் தலைநகர் சாங்கானில், தென்னிந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு துறவியிடம் சித்தம் என்னும் இந்திய எழுத்தையும் அதன் ஒலிப்பையும் அவர் பயின்றார் என்பது நமக்கு ஆர்வமூட்டும் செய்தி. பழைய ஜப்பானிய ஒலிகளை ஆராய்வோர் அவருடைய ஒலிப்புக் குறிப்புகளை இன்றும் சான்றாகக் கொள்கின்றனர்.

ஜப்பானியக் குழந்தை இன்று தன் எழுத்துகளை அ, இ, உ, எ, ஒ என்று உயிர்களில் தொடங்கி, க, ச, த, ந என்று ஓதிச் செல்கிறது. அவ்வரிசையை அமைத்தது, சித்தம் எழுத்தைப் பயின்ற துறவியரின் கல்வி மரபே. நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளை அந்த வரிசையைக் கேட்டால் தன் பாடத்தைக் கேட்பதுபோலத் திரும்பிப் பார்த்திருக்கும். இதற்கு மேல் உறவு கொண்டாட வேண்டியதில்லை. இந்த அளவே எனக்கு மகிழ்ச்சி தந்தது.

அடிவாரத்தில் பீச் மரத்தால் ஆன பெரிய மண்டபம் இருக்கிறது. நோய் தீர்க்கும் புத்தரான யகுஷி அங்கே எழுந்தருளியுள்ளார். உள்ளே ஒரு விளக்குச் சுடர் எரிகிறது. கியோத்தோ நகருக்கு அருகிலுள்ள ஹியே மலையின் தாய் மடத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சுடர் அது. 1521இல் நிகழ்ந்த போரில் யமதேரா எரிந்தது. 1543இல் மீண்டும் ஹியேயிலிருந்து சுடர் வந்தது. 1571இல் ஓதா நொபுனாகாவின் படை ஹியே மலையையே கொளுத்தியது. தாய் மடம் மறுபடி எழுந்தபோது, அதற்குரிய சுடர் இந்த மலைநாட்டுக் கோயிலிலிருந்து திரும்ப எடுத்துச் செல்லப்பட்டது. தான் கொடுத்ததைத் தானே இரந்து பெறும் நிலை தாய்க்கு வந்தது; கொடுத்து வைத்திருந்ததால்தான் பெறவும் முடிந்தது. இச்செய்தியை நினைவில் கொள்ளுங்கள். இதைப் பற்றி அந்தக் கவிதையில் ஒரு சொல்லும் இல்லை.

இனி மலை ஏறுவோம். உச்சி மண்டபம் வரை ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்ட படிகள். 1015 என்று கணக்குச் சொல்கிறார்கள். இருபுறமும் உயர்ந்த தேவதாரு மரங்கள். தொடக்கத்திலேயே ஒரு சிறு மண்டபம் குறுக்கிடுகிறது. அதனுள் அமர்ந்திருப்பது ஒரு கிழவியின் உருவம். இறந்தோர் மறுமை ஆற்றைக் கடக்கையில் அவர்களின் ஆடையைக் களைபவள் இவள். இம்மண்டபத்துக்குக் கீழே உள்ளது நரகம், மேலே உள்ளது சுவர்க்கம் என்பது வழக்கு. முற்காலத்தில் யாத்திரிகர் அருகிலுள்ள நீரில் உடல் தூய்மை செய்து, புத்தாடை அணிந்து, பழைய ஆடையை இவளுக்குச் சாத்திவிட்டு மேலே சென்றனராம். அதாவது, உயிரோடு இருப்பவர் இறந்தவரின் சடங்கைத் தாமே செய்துகொண்டு இம்மலையில் ஏறினார்கள்.

அவ்விடத்திலிருந்துதான் இம்மலையின் உண்மையான இயல்பு தெரியத் தொடங்குகிறது. இது இறந்தோரின் மலை. அவ்வட்டாரத்து மக்களின் உயிர்கள் உடலை நீத்தபின் இங்கே வந்து தங்குகின்றன என்பது தொன்றுதொட்ட நம்பிக்கை. வழிநெடுகப் பாறைச் சுவர்களில் ஸ்தூபி வடிவில் நினைவுக் கற்கள் செதுக்கப்பட்டுள்ளன. மழையும் காற்றும் அரித்து அவற்றின் எழுத்துகள் மங்கியிருக்கின்றன. ஆங்காங்கே மரக்கம்பங்கள் நடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கம்பத்திலும் சிறு சக்கரம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. இளமையில் இறந்தோரின் பொருட்டு உறவினர் நட்டவை அவை. வழிச்செல்வோர் அச்சக்கரத்தைக் கையால் சுழற்றினால், இறந்தவர் விரைவில் மறுபிறப்பு எய்துவர் என்பது நம்பிக்கை.

இந்த வட்டாரத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. மணமாகாமல் இறந்த மகனுக்கோ மகளுக்கோ பெற்றோர் ஒரு திருமணப் படம் வரைவித்துக் கோயிலுக்குக் காணிக்கையாக அளிப்பர். படத்தில் இறந்த பிள்ளை மணக்கோலத்தில் இருக்கும். அருகில் நிற்கும் துணை கற்பனையில் படைக்கப்பட்டது. உலகில் நிகழாத திருமணம் ஒன்று, கண்ணீரை அடக்கிக்கொண்டு, வண்ணத்தில் நிகழ்த்தப்படுகிறது. இதைக் கேட்டறிந்த பின் என்னால் சிறிது நேரம் படி ஏற இயலவில்லை.

ஒரு சக்கரத்தை நானும் சுழற்றினேன். பத்தாண்டுகளுக்கு முன் நம் முதற் கூட்டத்தில் அமர்ந்து கவிதை படித்தவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. யாரை நினைத்துச் சுழற்றினேன் என்பதை இங்கே கூறாமல் விடுகிறேன். நீங்கள் அறிவீர்கள். சக்கரம் மழையில் ஊறியிருந்தது. மெல்ல ஒருமுறை முனகிவிட்டு நின்றது.

பாறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரிமலைச் சாம்பல் படிந்து இறுகியதால் உண்டான மென்பாறை அது. காற்றும் நீரும் குடைந்து தேனடையைப் போல எங்கும் துளைகள். ‘பாறை’ என்றதும் நம் மனத்தில் எழும் கருங்கல்லின் வழவழப்பும் திண்மையும் அதற்கு இல்லை. எதையும் ஏற்று உள்வாங்கிக்கொள்ளும் தோற்றம் உடையது அது. இப்பாறையைக் காணும்வரை, ஒலி பாறைக்குள் புகுவதாகச் சொல்வது ஓர் அழகிய மிகைக்கூற்று என்றே நான் எண்ணியிருந்தேன். கண்டபின், அது கண்ணால் கண்டதை உள்ளபடி கூறும் சொல் என்று உணர்ந்தேன்.

பாதி வழியில் ஒரு கல் நிற்கிறது. ‘சில்வண்டு மேடு’ என்று அதன் பெயரைச் சொல்லலாம். பாஷோவின் வழிவந்த உள்ளூர்க் கவிஞர்கள், அவர் இம்மலையில் பாடிய கவிதையை ஒரு தாளில் எழுதி மண்ணில் புதைத்து, 1751இல் அதன்மேல் இக்கல்லை நாட்டினார்கள். நாமாக இருந்தால் கவிதையைக் கல்லில் வெட்டிப் பலர் காண வைப்போம். அவர்கள் கவிதையை அடக்கம் செய்தார்கள். இறந்தோரின் மலையில் கவிதைக்கும் ஒரு கல்லறை.

மேலே, தனித்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறையின் தலையில் செந்நிறச் சிறு மண்டபம் ஒன்று நிற்கிறது. உச்சியிலுள்ள மண்டபத்தில் படியெடுக்கப்படும் தாமரைச் சூத்திரம் இங்கேதான் சேமிக்கப்படும். படியெடுக்கும் முறையைக் கேளுங்கள், கவிஞர்களே. கல்லிலிருந்து எடுத்த மை, புல்லால் ஆன தூரிகை. ஒரு எழுத்தை எழுதுமுன் மும்முறை வணங்க வேண்டும். ஒரு முறை சூத்திரத்தை எழுதி முடிக்க நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எழுத்து ஒன்றுக்கு வணக்கம் மூன்று! நாம் ஓர் எழுத்துக்கு எத்தனை நொடி செலவிடுகிறோம் என்று அந்தப் பாறையின் கீழ் நின்று எண்ணிப் பார்த்தேன்.

அம்மண்டபத்தின் அடியிலுள்ள குகையில் ஜிகாகு தைஷி துயில்கிறார் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 1940களின் இறுதியில் நடந்த ஆய்வில், பொன் தகடு வேய்ந்த ஒரு பேழையும், மனித எலும்புகளும், மரத்தால் செதுக்கிய ஒரு தலையும் அங்கே கிடைத்தன. அந்த முகத்தை நான் கண்டதில்லை. ஆயினும், மேலே எழுத்து, கீழே எலும்பு, நடுவே பாறை என்னும் அந்த அமைப்பு என் மனத்தை விட்டு அகலவில்லை.

இனிக் கவிதைக்கு வருகிறேன். 1689ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் பாஷோ இங்கே வந்தார். அவர் வகுத்திருந்த வழியில் இந்த ஊர் இல்லை. ஒபனசாவா என்னும் ஊரில், செஞ்சாயப் பூ வணிகரும் கவிஞருமான நண்பர் ஒருவருடன் தங்கியிருந்தபோது, யமதேராவைக் காணாமற் போகலாகாது என்று அங்குள்ளோர் வற்புறுத்தினர். ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வழிமாறி வந்து, அடிவாரத்தில் தங்குமிடம் அமர்த்திவிட்டு, பொழுது சாய்வதற்குள் மலை ஏறினார். கோயில் மண்டபங்களின் கதவுகள் சாத்தியிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நாம் காண்பது போன்ற தரிசனம் அவருக்குக் கிட்டவில்லை. மூடிய கதவுகளும், பாறைகளும், சில்வண்டின் ஒலியுமே அவருக்குக் கிடைத்தன.

அன்றே அந்தக் கவிதை முற்றுப்பெற்று விட்டதென நாம் நினைப்போம். அவ்வாறன்று. உடன் வந்த மாணவர் சோரா குறித்து வைத்த முதல் வடிவம் வேறு. அது மலைக்கோயிலின் பெயரால் தொடங்கியது. இடையில் இன்னொரு வடிவம் உண்டு. அதில் இடத்தின் பெயர் நீங்கி, பாடுவோனின் தனிமை உணர்வு முன்னே வந்து நின்றது. இறுதி வடிவத்தில் அதுவும் நீங்கி, அமைதி என்னும் பொருள் கொண்ட சொல் முதலிடம் பெற்றது. வினைச்சொல்லும் மாறியது. ஒலி பாறையின் மேல் ஒட்டிப் படிவதாக முதலில் இருந்தது, பின்னர் ஊறுவதாக மாறி, முடிவில் உட்புகுந்து விடுவதாக அமைந்தது. பயண நூல் அச்சேறியது 1702இல். பாஷோவோ 1694இலேயே மறைந்து விட்டார். பதினேழு அசைகளுக்காக இவ்வளவு நடை.

முதலில் ஊர் நீங்கியது, பிறகு ‘நான்’ நீங்கியது. நம் ஹைக்கூக்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவது படியிலேயே நாம் நின்று விடுகிறோம் என்பது என் கருத்து. நம் ஏக்கத்தையும் கோபத்தையும் முதலடியில் வைத்துவிட்டு, இயற்கையை அதற்குச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

அந்தச் சில்வண்டு எவ்வினம் என்பது பற்றி ஜப்பானில் ஒரு புகழ்பெற்ற வழக்கே நடந்தது. நம் பழம்பாடல்கள் பாலை வழியில் ‘சிள்வீடு’ என்று கேட்ட பூச்சியின் சுற்றம்தான் அது. 1926இல் சாய்தோ மோக்கிச்சி, உரத்துக் கத்தும் பெரிய இனமே அது என்று எழுதினார். அவர் யமகதா மண்ணின் மைந்தர், பெருங்கவிஞர், மனநோய் மருத்துவர். அறிஞர் கொமியா தொயோதகா அதை மறுத்தார். ஜூலை நடுவில் அம்மலையில் பாடுவது மெல்லிய குரலுடைய சிறிய இனமே என்பது அவர் வாதம். விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. மோக்கிச்சி அம்மலையிலிருந்தே பூச்சிகளைப் பிடித்து வரச் செய்து ஆராய்ந்து, இறுதியில் எதிர்வாதமே சரி என்று ஒப்புக்கொண்டார். ஒரு பூச்சிக்கு இத்தனை சண்டையா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் குரலின் தன்மை மாறினால் அமைதியின் தன்மையும் மாறும் என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தனர். கவிதையில் வரும் ஒரு பூச்சி எந்தப் பூச்சி என்று கவலைப்படும் வாசகர்கள் வாய்ப்பது ஒரு மொழியின் பேறு.

மற்றொரு செய்தி. இளமையில் பாஷோ பணிபுரிந்த தலைவர் தோதோ யோஷிததா. தலைவரும் ஊழியரும் சேர்ந்தே கவிதை பயின்றார்கள். அத்தலைவர் 1666இல், இருபத்தைந்து வயதில் இறந்தார். அவருடைய புனைபெயர் செங்கின். ‘சில்வண்டின் பாட்டு’ என்பது அதன் பொருள். இறந்தோரின் மலையில், இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், சில்வண்டின் குரலைக் கேட்ட பாஷோவின் நெஞ்சில் அந்த இளைய தலைவர் எழுந்திருக்கக் கூடும் என்று கருதுவோர் உண்டு. இதை மெய்ப்பிக்க இயலாது. மலையில் நின்று கேட்டபோது, மறுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

இப்போது என் தொடக்க வினாவுக்கு விடை கூறலாம். அம்மலையின் அமைதி, ஒலி இல்லாமையால் வந்ததன்று. சில்வண்டுகள் ஓயாமல் பாடின. கீழே இரயில் ஓடியது. படிகளில் மூதாட்டியர் இருவர் மூச்சிரைக்கப் பேசிக்கொண்டே ஏறினர். எனினும் ஒவ்வொரு ஒலியும் எங்கோ ஏற்றுக்கொள்ளப்பட்டது போல அடங்கியது. ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் தம் இறந்தோரைக் கொண்டுவந்து அப்பாறையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பெயர், எலும்பு, எழுத்து, நிகழாத திருமணம் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவ்வளவும் நிறைந்திருப்பதால்தான் அங்கே மௌனத்துக்குக் கனம் இருக்கிறது.

பாஷோ சுடரைச் சொல்லவில்லை, கிழவியைச் சொல்லவில்லை, கல்லறைகளைச் சொல்லவில்லை, தம் தலைவரையும் சொல்லவில்லை. பாறை என்று மட்டும் சொன்னார். சொல்லாத அனைத்தும் அந்த ஒரு சொல்லுக்குள் போய்த் தங்கின. நாம் சொல்லாமல் விடுவதற்கும் நம்மிடம் முதலில் ஏதேனும் இருக்க வேண்டும் அல்லவா? கையில் இல்லாததை எப்படி விட்டுக்கொடுப்பது?

நிறைவாக, வட்டத்துக்கு ஒரு விண்ணப்பம். பதினோராம் ஆண்டில், திங்கள்தோறும் நாம் படிக்கும் கவிதைகளின் எண்ணிக்கையைக் குறைப்போம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர், தம் கவிதை ஒன்றின் முதல் வடிவத்தையும் இடை வடிவங்களையும் இறுதி வடிவத்தோடு சேர்த்துப் படிக்கட்டும். எந்தச் சொல் போயிற்று, ஏன் போயிற்று என்று நாம் பேசுவோம். வெட்கப்பட வேண்டாம்; பாஷோவின் வரைவையே உலகம் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறது. அப்படிப் பன்னிரண்டு கவிதைகள் தேறினால் அந்த ஆண்டு நமக்கு வீணாகாது.